நாய் குரைக்கும், காப்பாற்றுமா?

சுவா சூ காங் எம்ஆர்டி நிலையத்தைச் சுற்றி இன்று அடுக்குமாடி வீடுகளும் கடைத்தொகுதியும் பேருந்து நிலையமும் இருக்கின்றன. இரவு பத்து மணிக்குக்கூட அங்கு வெளிச்சத்துக்குக் குறைவில்லை. அந்த வட்டாரத்தில்தான் 1930ஆம் ஆண்டில் ஒரு புலி சுட்டுக் கொல்லப்பட்டது. சிங்கப்பூர்க் காட்டில் வாழ்ந்த கடைசிப் புலி அதுவே என்று கருதப்படுகிறது. அதற்கு முந்திய நூற்றாண்டில் இந்தத் தீவின் மிளகு, கேம்பியர் தோட்டங்களில் வேலை செய்த பலரைப் புலிகள் அடித்துக் கொன்றன. புலியைக் கொன்றவர்களுக்கு அரசாங்கம் பரிசுப் பணம் கொடுத்த காலம் அது.

பிறகு தோட்டங்கள் போயின. காய்கறித் தோட்டங்களும் பன்றி, கோழிப் பண்ணைகளும் வந்தன. அந்தக் கம்பத்து நாள்களில் வாசலில் ஒரு நாய் படுத்திருப்பது சாதாரணக் காட்சி. அதற்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. இருட்டில் ஏதாவது அசைந்தால் அது குரைக்கும். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் கையில் விளக்கோ கம்போ எடுத்துக்கொண்டு வெளியே வருவார். பக்கத்து வீட்டுக்காரரும் எட்டிப் பார்ப்பார். வந்தது பாம்பா, திருடனா, பக்கத்துத் தோட்டத்துப் பன்றியா என்று பார்த்து அதற்கு வேண்டியதைச் செய்வது மனிதர்களின் வேலை. நாயின் வேலை குரைப்பதோடு முடிந்துவிடும்.

அன்று தெளிவாக இருந்த இந்த வேலைப் பிரிவினை இன்று பலருக்கு மறந்துவிட்டது. நாய் குரைக்கவும் வேண்டும், பாய்ந்து கடிக்கவும் வேண்டும், நம் உயிரையும் காப்பாற்ற வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

சுவா சூ காங்கில் உள்ள ஒரு நான்கறை வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். அம்மா ஒரு மருத்துவமனையில் தாதி. மாதத்தில் பல நாள் இரவு வேலை. அப்பாவுக்குத் துவாஸில் ஷிஃப்ட் வேலை. உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள் துணைப்பாட வகுப்பு முடிந்து இரவு ஒன்பதரை மணிக்குத் தனியாக நடந்து வருகிறாள். சில இரவுகளில் அவளும் தம்பியும் மட்டுமே வீட்டில் இருக்கிறார்கள். “ஒரு நாய் வாங்கிவிடலாம். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாக இருக்கும்,” என்கிறார் அப்பா. தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் பாட்டி அதற்கு மேலே போகிறார். “எங்கள் ஊரில் இராஜபாளையம் நாய் நிற்கிற வாசலை எந்தத் திருடனும் மிதிக்கமாட்டான்,” என்கிறார். பிள்ளைகளுக்கோ நாய் என்றாலே மகிழ்ச்சி. காரணம் எதுவானாலும் அவர்களுக்குச் சரிதான்.

அப்பாவின் கவலை நியாயமானது. சிங்கப்பூரில் குற்றம் குறைவு என்பதற்காகக் குற்றமே இல்லை என்று பொருளாகாது என்று காவல்துறையே பல ஆண்டுகளாக நினைவூட்டி வருகிறது. ஆனால் அந்தக் கவலைக்கு அவர் தேடும் மருந்து சரியானதன்று. வளர்ப்பு நாய் ஆபத்தை நமக்கு அறிவிக்கலாம். அந்த ஆபத்திலிருந்து நம்மைக் காக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைப்பது நமக்கும் நல்லதன்று, நாய்க்கும் நல்லதன்று.

முதலில், அடுக்குமாடி வீட்டுக்குள் எப்படிப்பட்ட நாய் வர முடியும் என்று பார்க்க வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் ஒரே ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிற்றினங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். சிவாவா, பொமரேனியன், ஷிட்சூ, மால்டீஸ், பக் போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளவை. இவற்றில் பல, மனிதரின் மடியில் உட்காருவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. மூன்று கிலோ எடையுள்ள சிவாவாவுக்குத் துணிச்சல் உண்டு. தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய நாயைப் பார்த்தும் அது உறுமும். ஆனால் கெட்ட எண்ணத்தோடு வரும் ஒருவன் அதைக் காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே வந்துவிடுவான்.

‘அடோர்’ என்னும் திட்டத்தின் மூலம் உள்ளூர்க் கலப்பின நாய்களையும் இந்த வீடுகளில் தத்தெடுத்து வளர்க்கலாம். 2012இல் தொடங்கிய அத்திட்டத்தில் நாயின் தோள் உயரத்துக்கான வரம்பு 2020இல் 55 சென்டிமீட்டராக உயர்த்தப்பட்டது. எடை வரம்பும் நீக்கப்பட்டது. ஆனால் அந்த நாய்கள் வீட்டுக்குள் அண்டைவீட்டாரைத் தொந்தரவு செய்யாமல் வாழப் பழக்கப்பட வேண்டும். வந்தவர் போனவர் மேல் பாயும் நாய்க்கு அங்கே இடமில்லை.

பாட்டி சொன்ன இராஜபாளையம் நாயின் கதை வேறு. வெள்ளை வெளேரென்ற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட கம்பீரமான வேட்டை நாய் அது. 2005இல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அதில் இடம்பெற்ற நான்கு இனங்களுள் இதுவும் ஒன்று. தோட்டமும் வயலும் சூழ்ந்த வீட்டில், நாள் முழுவதும் ஓடித் திரிய இடமிருந்தால், அது நல்ல காவல்காரன்தான். பத்தாவது மாடியில் அதை அடைத்துவைத்தால் அதுவும் துன்பப்படும், வீட்டாரும் துன்பப்படுவார்கள். வெண்ணிற நாய் இனங்களில் செவிடாகப் பிறக்கும் குட்டிகளும் உண்டு. இராஜபாளையம் நாயும் இதற்கு விலக்கன்று. காது கேளாத காவல் நாயைப் பற்றிப் பாட்டியிடம் சொன்னால் நம்பமாட்டார்.

“சிறிய நாயாக இருந்தால் என்ன, குரைத்தால் போதாதா?” என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. குரைப்புக்கு மதிப்பு உண்டு. யாரும் கவனிக்கக்கூடாது என்று நினைத்து வருபவனுக்குச் சத்தம் பிடிக்காது. உறங்குபவரை எழுப்பவும், தனியாக இருப்பவரை உஷார்ப்படுத்தவும் நாயின் காதைப்போல் உதவக்கூடியது வீட்டில் வேறு எதுவும் இல்லை. மனிதருக்குக் கேட்காத மிக உயர்ந்த ஒலிகளும் அதற்குக் கேட்கும்.

ஆனால் அடுக்குமாடி வீட்டின் பொது நடைபாதையில் ஒரு நாளில் எத்தனை பேர் நடக்கிறார்கள்! பொருள் கொண்டுவருபவர், எதிர்வீட்டுப் பிள்ளை, துப்புரவுப் பணியாளர், மின்தூக்கி தேடி வழிமாறி வந்தவர் என்று எல்லாருக்கும் நாய் குரைக்கிறது. முதல் வாரம் வீட்டார் எழுந்து போய்ப் பார்ப்பார்கள். இரண்டாம் மாதம் “சும்மா இரு!” என்று அதட்டுவார்கள். ‘புலி வருது, புலி வருது’ என்று கத்திய சிறுவனின் கதை இங்கே வேறு விதமாக நடக்கிறது. அந்தச் சிறுவன் பொய் சொன்னான். நாய் ஒருபோதும் பொய் சொல்வதில்லை. யாரோ வந்திருக்கிறார்கள் என்று உண்மையைத்தான் சொல்கிறது. வந்தவர் நல்லவரா கெட்டவரா என்று அதற்குத் தெரியாது. உண்மையில் புலி வரும் நாளில், வீட்டார் காதில் காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நாளெல்லாம் குரைத்தால் அண்டைவீட்டார் புகார் கொடுப்பதும் உண்டு. அதனால் பல வீடுகளில் நாயைக் குரைக்காமல் இருக்கப் பழக்குகிறார்கள். காவலுக்கென்று வாங்கிய நாய்க்கு, காவலுக்குப் பயன்படும் ஒரே திறனை மறக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

அடுத்து, நன்றி. நன்றிக்கு எடுத்துக்காட்டாகத் தமிழர்கள் காலங்காலமாக நாயைத்தான் சொல்லி வருகிறார்கள். சோறு போட்டவருக்காக அது உயிரையும் கொடுக்கும் என்பது பலரது நம்பிக்கை. அந்த அன்பில் ஐயமில்லை. ஆனால் அன்பு இருந்தால் ஆபத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடுமா?

கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. நாயை அழைத்துக்கொண்டு திறந்த வெளியில் நடந்தவர்கள் திடீரென்று மாரடைப்பு வந்தவர்களைப்போல் நடித்துத் தரையில் விழுந்தார்கள். சற்றுத் தள்ளி வேறு மனிதர்கள் இருந்தார்கள். நாய் அவர்களிடம் ஓடிப்போய் உதவி கேட்குமா என்பதே கேள்வி. எந்த நாயும் கேட்கவில்லை. சில நாய்கள் விழுந்தவரை முகர்ந்து பார்த்தன. சில அக்கம்பக்கத்தில் சுற்றித் திரிந்தன. ஒரே ஒரு சிறிய பூடில் மட்டும் அந்த அந்நியரிடம் ஓடியது. உதவி கேட்பதற்காக அன்று. அவர் மடியில் ஏறி உட்கார்ந்து தடவிக்கொடுக்கச் சொல்வதற்காக. இன்னொரு சோதனையில் புத்தக அலமாரி தம்மேல் விழுந்துவிட்டதைப்போல் நாயின் உரிமையாளர்கள் நடித்தார்கள். “உதவி தேடிக்கொண்டு வா,” என்று நாயிடம் சொல்லவும் செய்தார்கள். அப்போதும் பயனில்லை.

இதை மட்டும் படித்தால், நாய்க்கு நம்மேல் அக்கறையே இல்லை என்று தோன்றும். அது தவறான முடிவு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு, கதையின் மறுபாதியைச் சொல்கிறது. பயிற்சி எதுவும் பெறாத 60 வளர்ப்பு நாய்கள் அதில் பங்கேற்றன. உரிமையாளர் ஒரு பெரிய பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, சிக்கிக்கொண்டவரைப்போல் கூக்குரலிட்டார். நாய் தள்ளினால் திறக்கக்கூடிய கதவுதான் அந்தப் பெட்டிக்கு இருந்தது. 60இல் 20 நாய்கள் திறந்தன. மூன்றில் ஒரு பங்கு. குறைவுதானே என்று நினைக்கலாம். ஆனால் அதே பெட்டிக்குள் உணவைப் போட்டு வைத்தபோதும் 19 நாய்கள்தான் திறந்தன! உணவை எடுக்கக் கதவைத் திறந்த அந்த 19இல் 16 நாய்கள் உரிமையாளரையும் விடுவித்தன. மற்ற நாய்களில் பல பதறின, சிணுங்கின. கதவை எப்படித் திறப்பது என்றுதான் அவற்றுக்குத் தெரியவில்லை.

இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்கும்போது ஒன்று தெரிகிறது. நாய்க்கு இல்லாதது அன்பன்று. நிலைமையைப் புரிந்துகொண்டு தக்கதைச் செய்யும் அறிவும் பழக்கமும்தான் அதற்கு இல்லை. பெட்டிக் கதவுக்கே இந்த நிலை என்றால், கையில் கத்தியோடு நிற்பவனை எதிர்கொள்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நாய் சண்டையிட்டுக் காத்ததே இல்லையா? உண்டு. அதற்குத் தமிழ் மண்ணில் கல்லில் எழுதிய சான்றே இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் அருகே எடத்தனூர் என்னும் ஊர் உள்ளது. அங்கே 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. எருமைகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக நட்ட கல் அது. அதில் வீரனோடு ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது திருடரைக் கடித்துக் காத்து நின்றது என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது.

ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிவைத்தவர்கள் அதன் செயலை எவ்வளவு பெரிதாக மதித்திருக்க வேண்டும்! ஆயினும் அந்தக் கல்லை இன்னொரு முறை படிக்க வேண்டும். நாய் கடித்தது, காத்து நின்றது. வீரனோ இறந்துவிட்டான். நடுகல் என்பது இறந்தவனுக்கு எழுப்புவது. எருமைகளோடு காட்டிலும் மேட்டிலும் திரிந்து பழகிய ஒரு நாய், தன்னால் முடிந்த அனைத்தையும் செய்தபிறகும் அதன் எசமானன் பிழைக்கவில்லை. அப்படிப்பட்ட நாய்களும் அரிது என்பதால்தானே கோவிவனுக்குக் கல்லில் இடம் கிடைத்தது? எல்லா நாய்களும் அப்படிச் செய்திருந்தால் கல் போதியிருக்காது.

“அப்படியானால் நாய்க்குப் பயிற்சி கொடுத்துவிடலாமே,” என்பது அடுத்த வாதம். பயிற்சி பெற்ற நாய்களைத் தேடிச் சுவா சூ காங்வாசிகள் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சிங்கப்பூர் ஆயுதப்படையின் இராணுவக் காவல் பிரிவு இயங்கும் மௌப்ரே முகாம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. இராணுவத்தின் பணிநாய்கள் அந்தப் பிரிவைச் சேர்ந்தவை. காவல்துறைக்கும் தனியாகக் கே-9 பிரிவு உண்டு.

பணிநாய் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் வளர்ப்பு நாயிடம் நாம் எதிர்பார்ப்பது எவ்வளவு அதிகம் என்பது விளங்கும். எல்லா நாய்களும் இந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. ஜெர்மன் ஷெப்பர்ட், பெல்ஜியன் மாலினுவா போன்ற இனங்களிலும், பெருஞ்சத்தத்துக்கு அஞ்சாத, ஆனால் காரணமின்றிச் சீறாத நாய்களைத்தான் தேடுகிறார்கள். ஒவ்வொரு நாயையும் கையாள, பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கிறார். பயிற்சி ஒரு முறை கொடுத்து முடிப்பதன்று. நாய் பணியில் இருக்கும் காலம் முழுவதும் அது தொடரும். கடினமான பாடம் கடிக்கக் கற்றுக்கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கடினமானது, கடித்த பிடியை ஒரே சொல்லில் விடக் கற்றுக்கொடுப்பதுதான். கோபமும் பரபரப்பும் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் “விடு” என்றவுடன் விட வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, எப்போது ஏவ வேண்டும் என்ற முடிவை நாய் எடுப்பதில்லை. அதைக் கையாளும் மனிதர்தான் எடுக்கிறார்.

வேலைக்கும் பள்ளிக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தால் இதைச் செய்ய முடியுமா? பாதி மட்டும் செய்தால், அதாவது கடிக்க ஊக்குவித்துவிட்டு விடக் கற்றுக்கொடுக்காமல் போனால், அந்த வீட்டில் கட்டுப்படுத்த முடியாத ஓர் ஆயுதம் இருக்கிறது என்று பொருள். அது திருடனுக்காகக் காத்திருக்காது. பந்தை எடுக்க ஓடிவரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதற்கு அந்நியர்தான். 2024ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. காப்பாற்ற வந்த தாயும் காயமடைந்தார். நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். காவலுக்குப் பெயர்பெற்ற இனம் அது. அன்று அங்கே காக்கப்பட வேண்டியவர்கள் அந்தச் சிறுமியும் தாயும்தான்.

சிங்கப்பூர்ச் சட்டம் இந்த ஆபத்தை முன்பே கணக்கில் எடுத்திருக்கிறது. ராட்வைலர், டோபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற நாய்கள் இங்கே தனிப்பட்டியலில் இருக்கின்றன. அடுக்குமாடி வீடுகளில் அவற்றைச் செல்லப்பிராணியாக வாங்கி வளர்க்க முடியாது. தனியார் வீட்டில் வளர்ப்பவரும் குறைந்தது 100,000 வெள்ளிக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும், நாய்க்குக் கீழ்ப்படிதல் பயிற்சி கொடுக்க வேண்டும். பொது இடத்துக்கு அழைத்துச் செல்லும்போது வாரில் பிடித்திருப்பதோடு, கடிக்க முடியாதபடி வாய்க்கூடும் போட வேண்டும். இதிலுள்ள முரணைக் கவனிக்கலாம். எந்த நாய் உண்மையிலேயே ஒருவரை எதிர்த்துத் தாக்கக்கூடியதோ, அந்த நாய் தெருவில் வாயைக் கட்டிக்கொண்டுதான் நடக்கும். சட்டம் சரியாகத்தான் சொல்கிறது. தெரு எல்லாருக்கும் பொது. ஒருவரின் பாதுகாப்புக்காக மற்றவர்கள் அஞ்சி ஒதுங்கி நடக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாய் தரும் துணிச்சல் சில நேரங்களில் ஆபத்துக்குள் அழைத்துச் செல்லும். நாய் இருக்கிறதே என்று ஆளில்லாத பூங்கா இணைப்புப் பாதையில் நள்ளிரவில் நடப்பவர்கள் உண்டு. தெங்கா, லிம் சூ காங் பக்கத்துத் திறந்தவெளிகளில் தெருநாய்க் கூட்டம் எதிர்ப்பட்டால் என்ன ஆகும்? தனியாகப் போகிறவர் ஓடாமல், கண்ணோடு கண் நோக்காமல், மெல்லப் பின்வாங்கினால் பெரும்பாலும் தப்பிவிடலாம். கையில் குரைக்கும் பொமரேனியன் இருந்தால் அது எளிதன்று. அப்போது நாயைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பவர் மனிதர்தான். யார் யாருக்குக் காவல் என்பது அந்த நேரத்தில் தலைகீழாகிவிடும்.

அதோடு, இந்தக் காலத்துத் திருடர்களில் பலர் வாசல் பக்கமே வருவதில்லை. 2024இல் மட்டும் மோசடிகளால் சிங்கப்பூரில் மக்கள் இழந்த தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. வங்கி அதிகாரி என்று சொல்லிப் பாட்டியின் கைப்பேசிக்கு ஒருவன் அழைக்கும்போது நாய் அவர் காலடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும். பேரப்பிள்ளைகள் 1799 என்ற மோசடி உதவி எண்ணைப் பாட்டியின் கைப்பேசியில் பதிந்து கொடுத்தால், அந்தத் திருடனுக்கு எதிராக அது எந்த நாயைவிடவும் பயன்படும்.

இப்போது அந்த நான்கறை வீட்டுக்குத் திரும்பலாம். அவர்களுக்கு நாயே வேண்டாம் என்பது இந்த வாதத்தின் பொருளன்று. தனியாக இருக்கும் பிள்ளைகளுக்கு நாய் நல்ல துணை. அச்சத்தைக் குறைக்கும், பேச்சுத்துணைபோல் உடன் இருக்கும். அதற்காக வாங்குவது வேறு, காவலாளியாக வாங்குவது வேறு. காவலாளி என்று நினைத்து வாங்கிய நாய் அந்நியரைக் கண்டு வாலாட்டினால் வீட்டாருக்கு ஏமாற்றம். குரைத்தால் அண்டைவீட்டாருக்குக் கோபம். கடித்தால் வழக்கு. மூன்றிலும் தண்டனை பெறுவது நாய்தான். சுவா சூ காங்கிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் சுங்கை தெங்கா சாலைக்குப் போனால், கைவிடப்பட்ட விலங்குகளுக்கான காப்பகங்கள் பலவற்றைக் காணலாம். விலங்குவதைத் தடுப்புச் சங்கமும் 2016 முதல் அங்கேதான் இயங்குகிறது. ஒரு காலத்தில் யாரோ ஒருவர் ஆசையோடு வீட்டுக்கு அழைத்துச் சென்ற நாய்களும் அங்கே இருக்கின்றன. நாய் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழும். உயர்நிலை மூன்றில் இருக்கும் மகள் படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகும், அதை யாராவது காலையும் மாலையும் நடக்க அழைத்துச் செல்ல வேண்டும்.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அந்தக் குடும்பம் செய்ய வேண்டியவை வேறு. இரும்புக் கதவின் பூட்டைச் சரிபார்க்கலாம். யார் அழைத்தாலும் முதலில் கதவின் துளை வழியே பார்க்கப் பிள்ளைகளைப் பழக்கலாம். 999ஐ எப்போது அழைப்பது, என்ன சொல்வது என்று ஒரு முறை ஒத்திகை பார்க்கலாம். எதிர்வீட்டு மலாய்க்காரப் பெரியம்மாவிடம், இரவு வேலை நாள்களில் பிள்ளைகள் மட்டும் இருப்பார்கள் என்று சொல்லிவைக்கலாம். அப்பாவுக்குக் காலை ஷிஃப்ட் உள்ள வாரங்களில் அவரே எம்ஆர்டி நிலையத்துக்குப் போய் மகளை அழைத்து வரலாம். மற்ற வாரங்களில் அவள் கடைகள் உள்ள பெரிய சாலை வழியாக வரலாம். இவற்றில் எதற்கும் பெரிதாகப் பணம் செலவாகாது. கொஞ்சம் நேரம் செலவாகும். அப்பாவுக்கு நாய் வாங்கும் யோசனை எளிதாகத் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இவை எல்லாம் முடிந்த பிறகும் பிள்ளைகள் நாய் கேட்டால், சுங்கை தெங்காவுக்கு ஒரு சனிக்கிழமை போய் வரலாம். “எதற்காக நாய் வேண்டும்?” என்று அங்கிருப்பவர்கள் கேட்டால், தம்பி என்ன பதில் சொல்வான் என்று வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு போவது நல்லது.